கோயில் திருவிழாவுக்கு வாசிக்க மேளக்காரர்கள் முழுக் கட்டணம் கேட்பது முறையா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: அவருடைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மேளக்காரர்கள் முழுக் கட்டணம் கேட்கிறார்கள், கடவுள் காரியத்துக்குச் சேவையாக வாசிக்கக் கூடாதா, கலையை விலை பேசுவது கலைக்கே இழுக்கல்லவா என்கிறார்.

நான் தவில் வாசிப்பவன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் குடியிருக்கிறேன். வார நாள்களில் டயர் கடையில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை கோயில், கல்யாணம், காதணி விழா என்று தவிலோடு அலைச்சல். ஆகவே நான் இதில் நடுவன் அல்லன், ஒரு கட்சிக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த முறை உங்கள் கோயிலின் திருவிழாக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூடாரம் போட்டவருக்கு இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு இவ்வளவு, ஜெனரேட்டருக்கு இவ்வளவு, அன்னதானத்துக்கு வாங்கிய அரிசிக்கும் காய்கறிக்கும் இவ்வளவு, மாலை கட்டிய அம்மாவுக்கு இவ்வளவு என்று எல்லாம் 'செலவு' என்ற தலைப்பின் கீழ் வரிசையாக இருக்கும். மேளத்துக்குக் கொடுத்தது மட்டும் பல கோயில்களில் 'அன்பளிப்பு' என்ற தலைப்பில் தனியாக நிற்கும். ஜெனரேட்டர்காரரிடம் போய், "சாமிக்குத்தானே, நீங்களே டீசல் ஊற்றிச் சும்மா ஓட்டுங்கள்" என்று எந்தக் கோயில் தலைவரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. தேர் புறப்படும்போது விளக்கு எரியாவிட்டால் என்ன அவமானமோ, அதே அவமானம்தான் மேளம் இல்லாவிட்டாலும். இருந்தும் ஒன்றுக்கு விலை உண்டு என்பதும் மற்றொன்றுக்கு மனம் இருந்தால் போதும் என்பதும் எப்படி நம் பழக்கத்தில் வந்தன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோயிலின் பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன்னர், வடக்கே ஒரு தோட்டத்துக் கோயிலிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம் என்று ஐந்து பேர் கொண்ட செட்டு. 600 வெள்ளி (ரிங்கிட்) என்று தொலைபேசியில் பேசி முடித்தார்கள். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய வாசிப்பு, தேர் செம்பனைக் காட்டுப் பாதையைச் சுற்றி வந்து கோயிலை அடைந்தபோது நள்ளிரவைத் தாண்டியிருந்தது. எங்களை மேடைக்கு அழைத்து, ஆளுக்கொரு மாலையும் பொன்னாடையும் அணிவித்து, புகைப்படம் எடுத்து, கைதட்டி, ஓர் ஆங்பாவ் உறையைப் பெரிய நாதஸ்வரக்காரரின் கையில் கொடுத்தார்கள். ஏதோ வங்கி சீனப் பெருநாளுக்குக் கொடுத்து மிச்சப்பட்ட சிவப்பு உறை. காரில் ஏறி விளக்கைப் போட்டுப் பிரித்தால் உள்ளே 250 வெள்ளி. நாதஸ்வரக்கார அண்ணன் ஒன்றும் பேசாமல் தாளம் போட்ட பையனுக்கு முதலில் 50 வெள்ளியை எடுத்துக் கொடுத்தார். காருக்கு எண்ணெய் போட நிறுத்திய இடத்தில்தான் வாய் திறந்தார்: "தம்பி, இந்தப் பொன்னாடையக் குடுத்தா எண்ணெய் ஊத்துவானான்னு கேட்டுப் பாரு." அன்று எல்லோரும் சிரித்தோம். வீட்டில் என் அலமாரியில் அப்படி இருபது பொன்னாடைகளுக்கு மேல் மடித்து வைத்திருக்கிறேன். ஒன்றும் நைந்து போகவில்லை, ஏனென்றால் அவற்றை எதற்கும் பயன்படுத்த முடியாது.

மூன்று மணி நேரம் தட்டுவதற்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு அந்த மூன்று மணி நேரத்தில் நடப்பதை ஓரளவு விளக்க வேண்டும். கல்யாணத்தில் தாலி கட்டும் நொடியில் கெட்டிமேளம் கொட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நொடியில் காதில் தப்பான சொல்லோ தும்மலோ அழுகையோ விழக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. ஆனால் மணவறையைச் சுற்றி உறவினரும் புகைப்படக்காரர்களும் சுவர் போல நின்றுகொண்டிருக்கும்போது, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிவதெல்லாம் ஐயரின் வலது கை மட்டுமே. சில சமயம் அதுவும் தெரியாது; ஐயர் மந்திரத்தில் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதைக் காதால் கணக்கிட்டு, நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருக்கும் ராகத்தைப் பாதியில் விட்டு மேலேறத் தயாராக இருக்கிறாரா என்று கடைக்கண்ணால் பார்த்து, விரல் உயர்ந்ததும் ஐந்து பேரும் ஒரே மூச்சில் பாய வேண்டும். ஒரு நொடி முந்தினால் ஐயர் முறைப்பார். ஒரு நொடி பிந்தினால் மணப்பெண்ணின் பாட்டி ஆயுள் முழுவதும் சொல்லிக் காட்டுவார். ஒத்திகை கிடையாது, இரண்டாம் முறை கிடையாது. அந்த ஒரு நொடிக்காக நான் ஒன்பது வயதிலிருந்து, என் தந்தை பால்மரம் (ரப்பர்) வெட்டிவிட்டு வந்து பசியாறி முடிக்கும்வரை காத்திருந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டின் பின்புறம் பழைய பலகையில் கழியால் தட்டித் தட்டிச் சொற்கட்டு பழகினேன். வலது கை விரல்களுக்குத் துணியில் பசை தடவிச் சுற்றிக் கெட்டியாக்கிய கூடுகளை மாட்டிக்கொண்டு வாசிப்பதால் நகக்கண் வெடிக்கும். இப்போதும் டயர் மாற்றும்போது அந்த விரல்கள்தான் முதலில் வலிக்கின்றன.

கருவியும் சும்மா இருப்பதில்லை. தவிலின் தோல் நம் ஊர் ஈரக்காற்றில் தளரும், கிழியும், மாற்ற வேண்டும். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி, காவிரிக்கரை நாணலில் செய்து தமிழ்நாட்டிலிருந்து வரவழைப்பது. எச்சில் படப்படத் தேய்ந்து போவது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முற்றிய ஆச்சா மரத்தில் கையால் கடைந்து எடுக்கும் அந்தக் கருவியைப் பொன்னாடை கொடுத்து வாங்க இயலாது.

இனி, தெய்வத்துக்குச் செய்வதற்குக் கூலி வாங்குவது மரபல்ல என்ற வாதம். இதைச் சொல்பவர்கள் மரபைப் பார்க்காமல் சொல்கிறார்கள் என்பது என் துணிவு. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன், பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரைத் தஞ்சைக்கு வரவழைத்து, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் பங்கும் கொடுத்ததைக் கல்வெட்டில் வெட்டி வைத்தான். எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, அதில் குடியிருப்பவர் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பது வரை அதில் இருக்கிறது. நட்டுவம் செய்தவர், பாடியவர், கொட்டு வாசித்த உவச்சர் ஆகியோருக்கும் பங்கு உண்டு. பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளியூர் போய்விட்டாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பங்கை வாங்கிக்கொண்டு பணியைச் செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன்னர், கோயிலில், சாமி காரியத்துக்கு, பெயர் போட்டு, அளவு போட்டு, கல்லில். அவர்களில் யாரையும் பக்தி குறைந்தவர் என்று எவரும் சொன்னதில்லை. (இன்னும் பின்னால் போனால், பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை, முருகனிடம் வழிகாட்டும் ஒன்றைத் தள்ளிவிட்டாலும் மீதி நான்கும், எந்த வள்ளலிடம் போனால் நல்ல பரிசில் கிடைக்கும் என்று ஒரு கலைஞர் இன்னொரு கலைஞருக்குச் சொல்லும் சேதிதான்.)

எனக்கு அதிக வருத்தம் தருவது, நம் தோட்டத்து மக்களே இதைக் கேட்பது. என் தந்தை காலத்தில் மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. விடியற்காலை இருட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு எழுந்து நின்று, மேகத்தைப் பார்த்து, திரும்பி வந்து வெறும் தேநீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும் என்பதற்காகவே 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் எத்தனை முறை வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்று நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தப் பாட்டாளிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோயில் செயற்குழுவில் அமர்ந்து, ஆறு மாதத்துக்கு முன்னர் பேசிய தேதியை முதல் நாள் இரவு, "மழை வரும்போல இருக்கு, மேளம் வேண்டாம்" என்று ஒரு புலனச் (வாட்ஸ்அப்) செய்தியில் இரத்து செய்கிறார்கள். அந்தத் தேதிக்காக நாங்கள் விட்டுக்கொடுத்த வேறொரு கல்யாணத்துக்கு யார் பொறுப்பு? அச்சாரம் கேட்டால் நம்பிக்கை இல்லையா என்று முகம் வாடுகிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அத்தனை தேதிகளும் ஒரே நாளில் போயின. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால், டயர் கடை இருந்ததால் நான் தப்பினேன். நாதஸ்வரம் மட்டுமே தெரிந்த அண்ணன் பல மாதம் காய்கறி லாரியில் கூடை ஏற்றினார்.

பணத்தோடு மதிப்பும் சேர்ந்தே வரவேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பதை நான் ஏற்பதில்லை. நாதஸ்வரக்காரர்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் முன் நின்றபடியே வாசித்த காலம் ஒன்று இருந்தது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை, மற்ற வித்துவான்களைப் போல மேடையில் அமர்ந்துதான் வாசிப்பேன் என்று நின்று, அந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர். 1947-இல் இந்தியா விடுதலை பெற்ற இரவில் புதுதில்லியில் ஒலித்தது அவருடைய நாதஸ்வரம். நாங்கள் இன்று அமர்ந்துதான் வாசிக்கிறோம். ஆனால் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, வழியில் நிற்கும் காரின் எண்ணைப் படிக்கிறார். சாப்பாட்டுப் பந்தியில், "மேளக்காரங்களுக்கு அப்புறம் போட்டுக்கலாம்" என்ற குரல் இன்னும் கேட்கிறது. அழைப்பிதழில் சிறப்பு வருகை தரும் டத்தோவின் பெயர் பட்டங்களோடு நான்கு வரிக்கு நீள்கிறது. கடைசியில் 'மங்கள இசை' என்று இரண்டு சொல். வாசிப்பவர் யாரென்று இல்லை. எனக்குத் தெரிந்தவரை மங்களமும் இசையும் தாமாகக் காரோட்டிக்கொண்டு வருவதில்லை.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பின்னர் வந்த திருத்தத்தின் வழி, நேரில் நிகழ்த்தும் கலைஞருக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. அவர் வாசிப்பதைப் பதிவு செய்யவோ நேரலையாகப் பரப்பவோ அவருடைய இசைவு வேண்டும். எந்தக் கோயிலிலும் இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வேன். பேசிய தொகையைக் கொடுக்காதவர்மீது வழக்கறிஞர் இல்லாமலேயே சிறு கோரிக்கை வழக்குப் போடவும் வழி உண்டு. ஆனால் சொந்த ஊர்க் கோயிலை நீதிமன்றத்துக்கு இழுத்துவிட்டு மறுநாள் அதே வாசலில் எப்படித் தவிலை இறக்கி வைப்பது? சுயதொழில் செய்வோருக்கான பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு அமைப்பு) பாதுகாப்பு, முதலில் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு வந்து, பிறகு கலைத்துறையினருக்கும் விரிந்திருக்கிறது. வாசிக்கும் தம்பிகள் தயவுசெய்து பதிந்துகொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்குக் காரோட்டி வீடு திரும்பும் வேலை நம்முடையது.

சேவையே செய்வதில்லையா என்றால், செய்கிறேன். நான் பிறந்த லயத்தை இடித்துவிட்டார்கள். அங்கிருந்த முனியாண்டி மட்டும் செம்பனைக்கு நடுவில் ஒரு மரத்தடியில் இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை முப்பது நாற்பது பேர் கூடிப் பொங்கல் வைக்கிறோம். அங்கே நான் ஒரு காசு வாங்குவதில்லை. சமைப்பவரும் வாங்குவதில்லை, பூசாரியும் வாங்குவதில்லை, கூடாரம் கொண்டுவரும் நண்பரும் வாங்குவதில்லை. என்னைக் கேட்டு யாரும் வாங்கிய சேவை அல்ல அது, நானாகக் கொடுப்பது. உங்கள் கோயிலிலும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றால் மேளக்காரரிடமும் தாராளமாகக் கேளுங்கள்.

இல்லையென்றால், கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். 300 வெள்ளிதான் இருக்கிறது என்றால் ஐந்து பேருக்குப் பதிலாக ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் வரும், நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அருகில் இருந்தால் சிலர் குறைத்துக்கொண்டும் வருவார்கள். குறைந்த தொகைக்காக நான் மனம் வருந்தியது மிகச் சில முறைதான். 600 என்று சொல்லி 250 கொடுத்ததற்காகத்தான் இத்தனை ஆண்டு கழித்தும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு வேறொரு தோட்டத்துக் கோயிலுக்குப் போனோம். அங்கே பொருளாளர் ஓர் இளம்பெண். தேதி, நேரம், தொகை, எத்தனை பேர், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் முன்னரே புலனத்தில் எழுதி அனுப்பி, பாதித் தொகையை அச்சாரமாகப் போட்டுவிட்டார். மீதி, சாமி கோயிலுக்குள் போய், நான் தவிலை உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. பொன்னாடை போர்த்தவில்லை. புறப்படும்போது அந்தத் தங்கச்சி திருவிழா அழைப்பிதழ் ஒன்றைக் கொடுத்தார். பின்பக்கத்தில் எங்கள் ஐந்து பேரின் பெயரும், தாளம் போடும் பையனின் பெயர் உட்பட, அச்சாகியிருந்தது. அண்ணன் அதைக் கார் விளக்கில் இரண்டு முறை படித்துவிட்டு, இறங்கிப் போய் இன்னும் இரண்டு அழைப்பிதழ் கேட்டு வாங்கி வந்தார்.