வொர்க்ஃப்ளோ இருக்கு, ஆனா டெர்மினல் இல்லைங்குது!

கேள்வி: அண்ணே வணக்கம். ரங்கூன்ல உளுந்து, துவரை ஏத்துமதி பண்ற ஆபீஸ்ல வேலை பாக்குறேன். சென்னை பார்ட்டிங்களுக்கு இன்வாய்ஸ், கப்பல் பேப்பர் எல்லாம் தானா மெயில்ல போக என்எய்ட்என்ல (n8n, வேலைகளத் தானா நடத்துற சாஃப்ட்வேர்) வொர்க்ஃப்ளோ, அதாவது வேலை வரிசை, போட்டு வச்சிருக்கோம், ஆபீஸ் சர்வர்லயே டாக்கர்ல (புரோகிராம தனிப் பெட்டி மாதிரி பிரிச்சு ஓட்டுறது) ஓடுது. இங்க கரண்ட் நிலைமை உங்களுக்கே தெரியும், மெஷின் படுத்துட்டா அவ்ளோதான். அதான் எல்லாத்தையும் இறக்கி வச்சுக்கலாம்னு டெர்மினல்ல எக்ஸ்போர்ட் கமாண்ட் குடுத்தா வொர்க்ஃப்ளோவே இல்லைன்னு வருது, பிரவுசர்ல பாத்தா அத்தனையும் இருக்கு. எப்படிண்ணே?

- ஒரு வாசகர், யாங்கூன்

பதில்: தம்பி, ஒண்ணும் தொலையல, பயப்படாதீங்க. டாக்கருக்குள்ள ஓடுறது ஒரு என்எய்ட்என், வெளிய என்பிஎம்ல (npm, புரோகிராம நேரா மெஷின்ல ஏத்துற டூல்) போட்டது இன்னொண்ணு, நீங்க கேட்டது வெளிய இருக்கிறதுகிட்டனு நினைக்கிறேன். அதுக்கு தனி ஃபோல்டர், தனி டேட்டாபேஸ், அது காலி, அதனால இல்லைன்னு சொல்லுது. டாக்கர் எக்ஸெக் போட்டு, யூசர் நோட்னு (node, அதுக்குள்ள இருக்கிற யூசர் பேர்) குடுத்து, கன்டெய்னர் (அந்த டாக்கர் பெட்டி) பேரச் சொல்லி அதுக்குள்ள கமாண்ட ஓட்டுங்க. ரூட்டா (முழு அதிகாரம் உள்ள யூசரா) ஓட்டினாலும் இதே கதைதான், ரூட்டோட ஹோம் ஃபோல்டரப் போய் பாக்கும்.

எக்ஸ்போர்ட் வொர்க்ஃப்ளோவுக்குப் பின்னாடி பேக்கப்னு ஒரு ஆப்ஷனும், அவுட்புட்னு போட்டு ஒரு ஃபோல்டர் பேரும் குடுத்தா போதும், எல்லா வொர்க்ஃப்ளோவும் தனித்தனி ஜேசன் ஃபைலா, வரி பிரிச்சு படிக்கிற மாதிரி வந்துடும். ஃபைல் பேர்ல வொர்க்ஃப்ளோவோட ஐடிதான் இருக்கும், நீங்க வச்ச பேர் உள்ள இருக்கும், குழம்பிடாதீங்க. அவுட்புட் ஃபோல்டர் கன்டெய்னருக்குள்ளதான் உருவாகும், அத டாக்கர் சிபி (docker cp, காப்பி எடுக்குற கமாண்ட்) போட்டு உடனே வெளிய எடுத்து பென்டிரைவ்லயோ வேற மெஷின்லயோ வச்சிடுங்க, கன்டெய்னர அழிச்சா அதுவும் சேந்து போயிடும். தினம் ராத்திரி தானா நடக்கணும்னு கிரான்ல (குறிச்ச நேரத்துல கமாண்ட ஓட்டுறது) போடுறதா இருந்தா எக்ஸெக்குக்குப் பின்னாடி போடுற -i, -t ரெண்டு ஆப்ஷனையும் எடுத்துடுங்க, கிரான்ல டெர்மினல் கிடையாது, டிடிஒய் இல்லைன்னு நின்னுடும்.

இதுக்கு மேல சொல்றதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். அந்த ஃபைல்ல மெயில் பாஸ்வேர்ட் வராது, கிரெடென்ஷியலோட (சேத்து வச்ச லாகின் விவரத்தோட) பேரும் ஐடியும் மட்டும்தான் வரும். கிரெடென்ஷியல தனியா எக்ஸ்போர்ட் பண்ணணும், அது பூட்டுன மாதிரியே வரும், திறக்குற என்கிரிப்ஷன் கீ நோட் யூசரோட ஹோம்ல, புள்ளி வச்சு ஆரம்பிக்கிற என்எய்ட்என் ஃபோல்டர்ல, கான்ஃபிக் ஃபைல்ல இருக்கும். நிறைய பேர் வொர்க்ஃப்ளோவ பத்திரமா வச்சுட்டு இந்தக் கீய விட்டுடுறாங்க, அப்புறம் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் புதுசா அடிக்கணும். கீய பேக்கப் ஃபைலோட ஒரே இடத்துல வைக்காதீங்க. டீகிரிப்டட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, பாஸ்வேர்ட் எல்லாம் பச்சையா வெளிய வரும், அது வேணாம். வொர்க்ஃப்ளோவுல வேற சர்வர்கிட்ட பேசுற ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் நோட்ல யாராவது டோக்கன (பாஸ்வேர்ட் மாதிரி ஒரு ரகசிய சாவி) நேரா ஹெடர்லயே எழுதியிருந்தா அது வொர்க்ஃப்ளோ ஃபைல்லயே போயிடும், அதனால அந்த ஃபைல வாட்ஸ்அப்ல அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ திறந்து பாத்துடுங்க.

ஒரு பழைய லேப்டாப்ல திருப்பி ஏத்திப் பாருங்க. முதல் தடவ ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பழைய கீய குடுத்துடணும், இல்லாட்டி அது சொந்தமா ஒரு கீ உருவாக்கிக்கும். இம்போர்ட் ஆன வொர்க்ஃப்ளோ எல்லாம் ஆஃப்லதான் இருக்கும், அது நல்லதுதான், டெஸ்ட் பண்றப்ப சென்னை பார்ட்டிக்கு அதே இன்வாய்ஸ் ரெண்டாவது தடவ போகாது. ஓடுற சர்வர்லயே இம்போர்ட் பண்ணிடாதீங்க, ஒரே ஐடி இருந்தா இப்ப இருக்கிறது மேலயே பழசு எழுதிடும்.