அப்சர்வர் பேட்டர்னும் ஜெனெரிக்ஸும்: வாசகர் கேள்விகள்

ஜாவாவிலேயே அப்சர்வர் இன்டர்ஃபேஸ் இருக்கிறதே, ஜெனெரிக்ஸ் போட்டு நாமே ஏன் எழுத வேண்டும்?

ஒரு ஆப்ஜெக்டில் (சப்ஜெக்ட்) ஏதாவது நடந்தால் தகவல் பெறப் பதிவு செய்துகொள்பவர்தான் அப்சர்வர். தகவலின் வகையை டி என்று முன்கூட்டியே குறிப்பிடுவது ஜெனெரிக்ஸ். அந்தப் பழைய இன்டர்ஃபேஸில் தகவல் வெறும் ஆப்ஜெக்டாகத்தான் வந்து சேரும். வந்தது ஆர்டரா, பேமென்டா என்று வகை மாற்றுவது (காஸ்ட்) உங்கள் பொறுப்பு. தப்பாகச் செய்தால் கம்பைலர் வாய் திறக்காது. நிரல் ஓடும்போதுதான் கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன் வரும். 2017-இல் வந்த ஜாவா 9-லேயே அதை டெப்ரிகேட் செய்துவிட்டார்கள், அதாவது இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். அப்சர்வர்<டி> என்று எழுதினால் அதே தப்பு கம்பைல் ஆகும்போதே சிக்கிவிடும்.

ஒரே கிளாஸ் அப்சர்வர்<ஆர்டர்>, அப்சர்வர்<பேமென்ட்> இரண்டையும் இம்ப்ளிமென்ட் செய்தால் எரர் வருகிறதே?

வரத்தான் செய்யும். கம்பைல் ஆனதும் ஜாவா அந்த <டி>-யை அழித்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரே அப்சர்வர்தான், அதை இரண்டு விதமாக இம்ப்ளிமென்ட் செய்ய முடியாது. சி ஷார்ப்பில் இந்தத் தடை இல்லை.

இன்டர்ஃபேஸை கிளாஸின் தலையில் கட்டாதீர்கள். உள்ளே இரண்டு சாதாரண மெத்தட் எழுதி, ஒவ்வொன்றையும் மெத்தட் ரெஃபரன்ஸாக ('திஸ்::மெத்தட்பெயர்' என்று மெத்தடையே அப்சர்வராகக் கொடுப்பது) பதிவு செய்யுங்கள். எரர் வராவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். யார் வேண்டுமானாலும் அழைக்கும்படி அந்த மெத்தடுகள் வெளியே தெரிய வேண்டியதில்லை.

எதையும் பதிவு செய்யும் லாகர் ஒன்று, அப்சர்வர்<ஆப்ஜெக்ட்>. ஆர்டர் சப்ஜெக்ட் அதை ஏற்க மறுக்கிறது.

எல்லாவற்றையும் வாங்கத் தெரிந்தவருக்கு ஆர்டரையும் வாங்கத் தெரியும். பதிவு மெத்தடின் பாராமீட்டரை 'அப்சர்வர்<? சூப்பர் டி>' என்று மாற்றுங்கள், போதும். டி-யையோ அதற்கு மேலான வகையையோ வாங்குபவர் என்று அதற்குப் பொருள். சி ஷார்ப்பில் இன்டர்ஃபேஸிலேயே 'இன் டி' என்று எழுதுவார்கள்.

திரையை மூடும்போது அன்ரெஜிஸ்டர் செய்கிறேன். ஆனாலும் மூடிய திரைக்குத் தகவல் போய்க்கொண்டே இருக்கிறது!

நான் பலமுறை பார்த்த பிழை இது. உங்கள் கோடில் பதிவு செய்யும்போது 'திஸ்::ஆர்டர்வந்தது', நீக்கும்போதும் அதே வரி. கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் உருவாகலாம். லிஸ்டில் தேடினால் கிடைக்காது, ரிமூவ் சத்தமில்லாமல் ஃபால்ஸ் தந்துவிட்டுப் போய்விடும். சப்ஜெக்டின் லிஸ்ட் விடாமல் பிடித்திருப்பதால், திரையின் மெமரியும் விடுபடாது. ஜெனெரிக்ஸ் இங்கே உதவாது. வகை சரியாகத்தான் இருக்கிறது.

பதிவு மெத்தட், அந்தப் பதிவை நீக்க உதவும் ஒரு கைப்பிடி ஆப்ஜெக்டைத் திருப்பித் தரட்டும். திரை அதை வைத்திருந்து, மூடும்போது குளோஸ் செய்யட்டும். 2010-இல் வந்த டாட்நெட் 4-இன் ஐஅப்சர்வபிள்<டி> இப்படித்தான்: சப்ஸ்கிரைப் செய்தால் ஐடிஸ்போசபிள் கிடைக்கும், அதுதான் கைப்பிடி. லிஸ்டில் வீக் ரெஃபரன்ஸ் (ஆப்ஜெக்டை அழியாமல் பிடித்து வைக்காத ரெஃபரன்ஸ்) போடலாமே என்று தோன்றும். பதிவு செய்த லாம்டாவையோ (பெயரில்லாத சிறு மெத்தட்) மெத்தட் ரெஃபரன்ஸையோ வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால், பயன்படாத மெமரியை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் அதை எடுத்துக்கொண்டுவிடும். அப்புறம் திறந்திருக்கும் திரைக்கும் தகவல் வராது.

தகவல் அனுப்பும் லூப்புக்குள்ளேயே ஒருவர் விலகினால் எக்செப்ஷன் வருகிறது.

அர்ரேலிஸ்டுக்குப் பதில், மாற்றும்போதெல்லாம் புது நகல் எடுக்கும் காப்பிஆன்ரைட் அர்ரேலிஸ்ட் வையுங்கள். ஓடுகிற லூப் பழைய நகலைப் பார்த்துக்கொண்டிருக்கும். விலகியவருக்கு அந்தச் சுற்றில் மட்டும் ஒரு தகவல் கூடுதலாகப் போகலாம், அதற்கு அவர் தயாராக இருக்க வேண்டும்.