பச்சைத் தண்ணீரில் பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

கேள்வி: மேட்டூர் அணைக்குக் கீழே காவிரியில் முழங்கால் ஆழத்தில் நின்று தூண்டில் போட்டேன். தண்ணீர் பச்சை பெயின்ட் கரைத்துவிட்டதுபோல இருந்தது, லேசான வாடையும் அடித்தது. அன்று இரவே இரண்டு காலிலும் அரிப்பு, தடிப்பு. பிடித்த ஜிலேபி மீன் ஃபிரிட்ஜில் இருக்கிறது. சமைக்கலாமா?

மருத்துவர் பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நீலப்பச்சைப் பாசியாகத்தான் இருக்கும். பெயர்தான் பாசி, உண்மையில் ஒருவகை பாக்டீரியா. உரமும் சாக்கடையும் கலந்த நீர் அணையில் தேங்கி, வெயிலும் ஏறினால் பெருகிவிடும். மதகைத் திறந்ததும் கீழேயும் வந்து சேரும். ஆடியில் வரும் செம்மண் கலங்கல் வேறு, அது வண்டல்.

அடுத்தமுறை ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். தலைமுடிபோல இழை இழையாகத் தொங்கினால் சாதாரண நூல்பாசி. பெயின்டில் முக்கியதுபோல குச்சியில் பூசிக்கொண்டு வந்தால், காலை வைக்காதீர்கள்.

அரிப்புக்குப் பயப்பட வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, காலமைன் லோஷன் தடவுங்கள். தூக்கம் கெடும் அளவுக்கு அரித்தால் இரவில் ஒரு செட்டிரிசின் போதும். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும்.

என் கவலை வயிற்றுக்குள் போவதைப் பற்றித்தான். இந்தப் பாசியில் சில வகை, மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது ஈரலைத் தாக்கும். ஒரு லிட்டர் குடிநீரில் 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில், இந்த நஞ்சு கலந்த நீரில் டயாலிசிஸ் செய்யப்பட்டவர்களில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ச்சினாலும் இது அழியாது. மீனை மொறுமொறுவென்று பொரித்தாலும் அதே கதைதான்.

மீனின் குடலிலும் ஈரலிலும்தான் நஞ்சு அதிகம் சேரும், சதையில் குறைவு. குடலை எடுத்து, தோலை உரித்து, நல்ல தண்ணீரில் அலசிச் சமைத்தால் ஆபத்து குறையும். ஆனால் உங்கள் மீன் குடலோடு ஃபிரிட்ஜில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். நஞ்சு சதைக்குள் இறங்கியிருக்கலாம். நாய்க்கும் போட வேண்டாம். செத்து மிதந்த மீன் என்றால் பேச்சே இல்லை.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, மூச்சுத் திணறல் என எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பச்சைத் தண்ணீரில் நின்றதை மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் ஈரல் பரிசோதனை செய்துபார்க்க அங்குள்ள மருத்துவருக்குத் தோன்றும்.