ஏழு ஆண்டு என்பது யாருக்கான கணக்கு?

வாசகர் கேள்விகளுக்கு நாகர்கோவில் வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: என் கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் ஆழ்கடல் தொழிலுக்குச் சென்றார். இரவில் வலை இழுக்கும்போது கடலில் தவறி விழுந்துவிட்டார் என்று உடன் சென்றவர்கள் கரைக்கு வந்து சொன்னார்கள். பல நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. வங்கியிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதைக் கேட்டுப் போனால், ‘ஏழு ஆண்டு முடியட்டும், அதுதான் சட்டம்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஊரறிந்த சாவைச் சட்டம் மட்டும் அறியாதா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்தூர் வட்டாரம்)

பதில்: சகோதரி, தங்களிடம் சொல்லப்பட்டது சட்டத்தில் பாதிதான்.

அந்த ஏழு ஆண்டுக் கணக்கு 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அதுவே 111-ஆம் பிரிவு. ஒருவரைப் பற்றி இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஏழு ஆண்டு முடியும்வரை அவரை உயிருள்ளவராகவே கருத வேண்டும் என்றோ, அதற்குமுன் மரணத்தை மெய்ப்பிக்கக் கூடாது என்றோ அப்பிரிவில் ஒரு சொல்லும் கிடையாது. ஏழு ஆண்டுக்குமுன் மெய்ப்பிக்கும் பொறுப்பு தங்களுடையது; ஏழு ஆண்டுக்குப்பின் அது எதிர்த்தரப்பின் தலையில் விழுகிறது. பொறுப்பு தங்களிடம் இருக்கிறது என்பதற்கும் வழியே இல்லை என்பதற்கும் கடலளவு வேறுபாடு உண்டு.

இந்த விதி கொடுமைக்காக எழுதப்பட்டதன்று என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு சண்டையிட்டு வடக்கே போனவர் நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து பார்க்கும்போது தம் நிலத்தைத் தம்பிமார் பங்கு வைத்திருந்தால் என்ன செய்வார்? வீட்டைவிட்டுப் போனவருக்கு அது காவலாக இருக்கிறது. ஆனால், உடன் சென்றவர்களின் கண்ணெதிரே அலைக்குள் விழுந்தவரையும் சொல்லாமல் போனவரையும் ஒரே கோப்பில் கட்டும்போதுதான் சட்டத்தின் பெயரால் அநியாயம் நடக்கிறது.

இது நம் மாவட்டத்துக்குப் புதிய அனுபவமும் அன்று. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளில் இந்தக் கேள்வியே எழுந்தது. காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கும் தமிழக அரசு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கியபோது யாரையும் 2024 வரை காத்திருக்கச் சொல்லவில்லை. 2013-இல் உத்தரகண்ட் வெள்ளத்தில் காணாமற்போனவர்களின் இறப்பைப் பதிவு செய்ய, காவல்துறைப் புகார், உள்ளூர் விசாரணை, நாளிதழ் அறிவிப்பு, ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் என்று ஒரு நடைமுறையை மத்திய அரசு வகுத்தது. பிரிவு அப்படியே இருந்தது. அதை மீறாமலே வழி பிறந்தது. ஒரே இரவில் நூறு பேர் காணாமற்போனால் அரசாணை வருகிறது, ஒருவர் மட்டும் போனால் அவருடைய மனைவி கவுண்டர் கவுண்டராக அலைகிறார் என்பதுதான் என் ஆதங்கம்.

தாங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடலோரக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலும், தேடியும் கிடைக்கவில்லை என்று காவல்துறை தரும் சான்றும் கையில் இருக்க வேண்டும். படகு புறப்பட்டதற்கான மீன்வளத்துறைப் பதிவு, உடன் சென்றவர்களின் வாக்குமூலம், வயர்லெஸில் செய்தி சொன்ன அடுத்த படகுக்காரரின் சாட்சியம், கடலோரக் காவல்படை தேடியதற்கான பதிவு ஆகியவற்றைத் திரட்டி, கணவர் இறந்துவிட்டார் என்று விளம்புகை (நீதிமன்றமே அறிவித்துத் தரும் தீர்ப்பு) கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். உரிமையியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இறந்திருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும். படகில் வேலைக்கு வந்தவர்களில் வெளிமாநிலத்தவர் இருந்தால் அவர்கள் ஊர் மாறிப் போவதற்குள் வாக்குமூலம் வாங்கிவிடுங்கள். ஏழு ஆண்டு காத்திருந்தால் முதலில் தொலைவது சாட்சிகள்தாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவு கூறுகிறது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வழக்கறிஞரை அவர்களே அமர்த்தித் தருவார்கள்.

ஆயுள் காப்பீடு இருந்தால், ‘ஆளே இல்லை, தவணை எதற்கு’ என்று பிரீமியத்தை நிறுத்திவிடாதீர்கள். ஏழு ஆண்டுக்குப்பின் ஒருவர் இறந்தவர் என்று அனுமானிக்கலாமே தவிர, எந்த நாளில் இறந்தார் என்பதை அனுமானிக்க முடியாது என்று எல்.ஐ.சி. தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. இடையில் தவணை கட்டப்படாமல் பாலிசி காலாவதியானதால் அந்தக் குடும்பத்துக்கு முழுத்தொகை கிடைக்கவில்லை. கணவரைத் தேடி அலைபவள் அவர் உயிரோடிருக்கிறார் என்ற கணக்கில் தவணையும் கட்ட வேண்டும், இறந்தார் என்ற கணக்கில் சான்றும் கேட்க வேண்டும். இது யாரும் தவறாகப் படித்ததால் வந்த வினை அன்று. முழுதாகப் படித்தாலும் வலிக்கிற இடம்.

என்னிடம் வந்த ஒரு தாயின் பிளாஸ்டிக் கவருக்குள் ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புத்தகம் ஆகியவற்றோடு கணவரின் செல்பேசி எண்ணுக்கு மாதந்தோறும் ரீசார்ஜ் செய்த சீட்டுகளும் இருந்தன. காரணம் கேட்டேன். எண் செத்துவிட்டால் அவர் கூப்பிட முடியாதே என்றார். சாட்சியக் கோப்பில் சேர்க்க முடியாத அந்தச் சீட்டுகளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

கேள்வி: வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அதிகாரிகள் ஆளுக்கொரு இரக்கம் காட்டத் தொடங்கினால் செல்வாக்குள்ளவனுக்கே அது கிடைக்கும். கண்டிப்புதானே ஏழைக்குப் பாதுகாப்பு? (வாசகர், தக்கலை)

பதில்: பெரும்பாலும் தங்கள் கட்சிதான் நானும். கண்டிப்பாகப் படித்ததாலேயே நியாயம் கிடைத்த கதை ஒன்று நம் மாவட்டத்துக்கு நெருங்கிய தொடர்புடையது. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், கொல்லம் 1092-ஆம் ஆண்டில் (கி.பி. 1916) வந்தது. அதன்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைப்பது, மகனின் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி தமிழகத்தோடு இணைந்த பிறகும் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் இந்தக் கணக்கைச் சொல்லியே மகள்களின் வாயை அடைத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு தீர்ப்பு பெண்களுக்குச் சாதகமாகவும், பின்னர் 1978-இல் வெளியான இருநீதிபதி அமர்வின் தீர்ப்பு பாதகமாகவும் வந்தன. கேரளத்தின் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951-லேயே அந்தப் பழைய சட்டம் நீங்கிவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. சமத்துவ உரிமை பற்றிய வாதத்துக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. மத்திய சட்டங்களைத் திருவிதாங்கூர்-கொச்சி போன்ற மாநிலங்களுக்கும் நீட்டித்த 1951-ஆம் ஆண்டின் சட்டத்தை வரிவரியாகப் படித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் மகள்கள் இழந்தது சட்டத்தில் இருந்த பங்கைத்தான். அதன்பின் உயில் எழுதி மகளை விலக்கும் தந்தைமார் பெருகியது வேறு கதை.

ஆனால் சட்டமே கோணலாக இருந்தால் கண்டிப்பு அந்தக் கோணலை நேர்த்தியாக நிறைவேற்றும். நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி நிலவிய காலத்தில் தந்தையின் சொத்தை, மகன் இருக்க, மருமகனிடம் (அவருடைய சகோதரியின் மகனிடம்) தூக்கிக் கொடுத்த நீதிபதி சட்டப்படி சரியாகவே நடந்தார். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதைப் பாட்டாகப் பாடி நகையாடினார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து முறையை மாற்றியது. அங்கே நீதிபதியைத் திட்டிப் பயனில்லை, சட்டமன்றத்தைத்தான் தட்ட வேண்டியிருந்தது. தங்களைப் போன்ற அனுபவமுள்ளவர்கள், வருகிற மனு எந்த வகை என்று பிரித்துப் பார்க்க இளைய அலுவலர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் பாதி வழக்கு எங்களிடம் வராது.

கேள்வி: நீதிபதி மனசாட்சிப்படி தீர்ப்புச் சொல்ல முடியாதா? (மாணவர், குலசேகரம்)

பதில்: அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவு ‘முழுமையான நீதி’ வழங்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே தருகிறது. கீழமை நீதிமன்றங்களுக்கு உள்ளார்ந்த அதிகாரம் உண்டெனினும், வெளிப்படையான சட்டவிதியை மீற அதைப் பயன்படுத்த முடியாது. காலவரையறை கடந்த வழக்கை, எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். மேல்முறையீட்டில் தாமதத்தை மன்னிக்கலாம், அசல் வழக்கில் அந்தச் சலுகையும் இல்லை. நிலத்தைப் பிறர் அனுபவிப்பது தெரிந்தும் ‘சொந்தக்காரர்தானே’ என்று பன்னிரண்டு ஆண்டு பேசாமலிருந்துவிட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஆவணத்தை அன்று, தேதியை.