பிறந்தநாள் சாப்பாடும் பெர்க்லி மையமும்

வணக்கம் சார்,

நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். மதுரையிலிருந்து அம்மா வந்திருக்கிறார். போன வாரம் பெர்க்லி போனபோது, ஆஷ்பி பார்ட் ரயில் ஸ்டேஷனிலேயே ஒரு பெரிய கட்டடத்தைப் பார்த்தோம். எட் ராபர்ட்ஸ் கேம்பஸ் என்று பெயர். நடுக்கூடத்தில் செக்கச்செவேலென்று ஒரு ராம்ப் சுற்றிச் சுற்றி மாடிக்குப் போகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் என்றார்கள். அம்மாவுக்கு அடுத்த மாதம் எழுபது முடிகிறது. ஊரில் இருந்திருந்தால் ஏதாவது ஒரு இல்லத்தில் ஒரு வேளை சாப்பாடு போட்டிருப்பார். "இங்கேயே போட்டுடலாமே, எத்தனை பேர் தங்கியிருக்காங்கன்னு கேளு" என்றார். கேட்டால், யாருமே தங்குவதில்லையாம். அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிய கட்டடம்?

இன்னொன்று. என் மாமா மகன் திருமங்கலத்தில் இருக்கிறான். பைக் விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டு, சில வருடங்களாகக் கட்டிலோடுதான் இருக்கிறான். அத்தை ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்கிறார். குடும்பம் கைவிடுகிற ஊர்களுக்குத்தான் இந்த மாதிரி மையங்கள் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது. சரிதானா?

ஒரு வாசகர், ஃப்ரீமாண்ட்

*

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிறந்தநாளில் நாலு பேருக்குச் சோறு போட நினைப்பவர் நல்ல மனுஷி. ஆனால் அங்கே பந்தி போட ஆள் கிடைக்காது. யாரும் இல்லத்தில் போய்த் தங்க வேண்டியதில்லை, எல்லோரையும்போல ஊருக்குள் வீடெடுத்து வாழலாம் என்று காட்டத்தான் அந்த மையமே பிறந்தது. சென்டர் ஃபார் இண்டிபெண்டன்ட் லிவிங் என்ற பெயரில் 1972-ல் அதைத் தொடங்கினார்கள். நீங்கள் பார்த்த கட்டடம் 2010-ல் வந்தது. மையத்தோடு வேறு சில அமைப்புகளும் அதில் இயங்குகின்றன. அந்த ராம்பில் இரண்டு வீல்சேர்கள் பேசிக்கொண்டே பக்கத்துப் பக்கமாகப் போகலாம்.

எட் ராபர்ட்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1953-ல், 14 வயதில், அவருக்குப் போலியோ வந்தது. தடுப்பூசி வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு கையில் இரண்டு விரல்கள், ஒரு காலில் சில விரல்கள், அவ்வளவுதான் அசையும். தூங்குவதற்கு இரும்பு நுரையீரல் வேண்டும், அதாவது உடம்பை உள்ளே வைத்து மூச்சுவிட வைக்கும் பெரிய உருளை இயந்திரம். பிழைத்தாலும் பிரயோஜனமில்லை என்கிற மாதிரி மருத்துவர் தாயிடம் பேசியது பையன் காதில் விழுந்துவிட்டது. சாப்பிட மறுத்தார். எடை 50 பவுண்டுக்கு, அதாவது இருபத்துச் சொச்சம் கிலோவுக்கு இறங்கியது. நர்ஸ்கள் வற்புறுத்தி ஊட்டினார்கள். கடைசி நர்ஸும் கிளம்பிப் போன நாளில்தான் வாழ்வதென்று தீர்மானித்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். சாப்பிடுவதா வேண்டாமா என்பது அன்றைக்குத்தான் அவர் கைக்கு வந்தது. அவர் பின்னால் செய்த அத்தனைக்கும் விதை அங்கே இருப்பதாக நான் நினைக்கிறேன்.

வீட்டிலிருந்தே தொலைபேசி இணைப்பு வழியாக உயர்நிலைப் பள்ளியில் படித்தார். முடிக்கும் சமயத்தில், உடற்பயிற்சியும் கார் ஓட்டும் பாடமும் பாக்கி, அதனால் சான்றிதழ் இல்லை என்றார்கள். தாய் ஸோனா சண்டை போட்டு வாங்கிக்கொடுத்தார். கல்லூரிச் செலவுக்கு உதவி கேட்டபோது, இவரால் ஒருநாளும் வேலைக்குப் போக முடியாது என்று கலிஃபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை கையை விரித்தது. பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் இறங்கி வந்தது. 1975-ல் அதே துறைக்கு இயக்குநராக ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நியமித்தது இவரைத்தான்.

1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரும்பு நுரையீரலின் எடை 800 பவுண்டு. அதை வைக்க விடுதி அறைகள் தோதுப்படவில்லை. வளாகத்திலேயே இருந்த காவெல் மருத்துவமனையில் ஓர் அறை கொடுத்தார்கள். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். கைகால் செயலிழந்த ஒரு டஜன் மாணவர்கள் ஒரே மாடியில். ராத்திரி முழுக்கப் பேச்சும் அரசியலும்தான். 'ரோலிங் குவாட்ஸ்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். குவாட் என்றால் கைகால் நான்கும் செயலிழந்தவர். 1970-ல் பல்கலைக்கழகத்துக்குள் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உதவ ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள்.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வீல்சேர் ரிப்பேர் பட்டறை. அந்தக் காலத்து மோட்டார் வீல்சேர்கள் மருத்துவமனையின் வழவழப்பான தரைக்காகச் செய்யப்பட்டவை. பெர்க்லியின் மேட்டிலும் பள்ளத்திலும் நாளெல்லாம் ஓட்டினால் பெல்ட் அறும், பேட்டரி படுக்கும். வண்டி நின்றால் ஆளும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். கம்பெனிக்கு அனுப்பினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை படுக்கைதான். பட்டறை இருந்தால் உடனே சரிசெய்துகொண்டு வகுப்புக்குப் போகலாம். இந்த இயக்கம் கொண்டுவந்த சட்டங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், அந்தப் பட்டறையைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம். ஸ்பானரும் பேட்டரி சார்ஜரும் இல்லாமல் எந்த உரிமையும் வீட்டு வாசலைத் தாண்டாது.

மாணவர்களுக்கான இடம் என்றாலும் ஊர்க்காரர்களும் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்காகத்தான் 1972-ல் தனியாக இந்த மையம். உதவியாளர் வேலைக்கு வரத் தயாராக இருப்பவர்களின் பட்டியல், வீல்சேர் நுழையக்கூடிய வாடகை வீடு, அரசு உதவிக்கு மனு எழுதுவது, ரிப்பேர், எல்லாம் ஒரே கூரையின் கீழ். எல்லாவற்றையும்விட முக்கியம், ஆலோசனை சொல்பவரும் மாற்றுத்திறனாளி. சிறுநீர் சேகரிக்கும் பையை வெளியூர்ப் பயணத்தில் எப்படிச் சமாளிப்பது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, உதவியாளர் வராத காலையில் யாரைக் கூப்பிடுவது என்று பத்து வருடமாக வீல்சேரில் இருப்பவர் நேற்று அடிபட்டவருக்குச் சொல்லும்போது, அந்தப் பேச்சே வேறு.

1977 ஏப்ரலில், மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற, மத்திய மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆவது பிரிவை நடைமுறைப்படுத்தக் கோரி, சான்ஃபிரான்சிஸ்கோவில் மத்திய அரசு அலுவலகத்துக்குள் மூன்று வாரத்துக்கும் மேல் உட்கார்ந்த போராட்டத்தின் முதுகெலும்பு இந்த மையத்து ஆட்கள்தான். தொலைபேசியைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னல் வழியாகச் சைகையில் வெளியே செய்தி அனுப்பினார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் தினமும் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28-ல் அந்தப் பிரிவுக்கான விதிகளில் அமைச்சர் கையெழுத்திட்டார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், சரியான இடத்தில் போட்ட சோறு அது. அடுத்த வருடமே இப்படிப்பட்ட மையங்களுக்கு மத்திய அரசு பணம் ஒதுக்க வழி பிறந்தது. இன்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அரசுப் பணம் பெறும் மையங்களின் நிர்வாகக் குழுவிலும் ஊழியர்களிலும் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. குடும்பம் கைவிடும் ஊருக்குத்தான் இது தேவை என்கிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எட் ராபர்ட்ஸைக் குடும்பம் கைவிடவில்லை. அவருக்காக ஸோனா போல நின்றவர்கள் குறைவு. மகன் காவெலுக்குக் குடிபோய், வேறு ஆட்கள் குளிப்பாட்டி உடை மாற்றத் தொடங்கிய பிறகு, ஸோனாவும் அதே பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கினார். பிறகு மாணவர் திட்டத்திலும் மையத்திலும் வேலை பார்த்தார். மகனுக்கு விடுதலை கிடைத்தபோது தாய்க்கும் கிடைத்தது.

உங்கள் அத்தைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் அன்று உங்கள் மாமா மகனுக்குக் குளியல் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் போக அவரால் முடியாது. அவனுக்கோ, எத்தனை மணிக்கு எழுவது, எந்தச் சட்டை போடுவது, சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போவதா வேண்டாமா, எதையும் கேட்கவே கூச்சமாக இருக்கும். ஏற்கெனவே இவ்வளவு செய்கிறவரிடம் இன்னும் எப்படிக் கேட்பது? பாசத்துக்கு நன்றிக்கடன் பட்டுக்கொண்டே ஒருவன் வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருக்க நேர்கிறது. சம்பளம் வாங்குகிற உதவியாளரிடம் அந்தக் கூச்சம் தேவையில்லை. கலிஃபோர்னியாவில் அந்தச் சம்பளத்தை அரசுத் திட்டம் கொடுக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பதும், பழக்குவதும், சரிப்படவில்லையென்றால் நிறுத்துவதும் மாற்றுத்திறனாளியின் உரிமை. பல் தேய்க்கவும் ஒருவர் துணை வேண்டியவர், தன் நாளைத் தானே நடத்துகிறார்.

நம் ஊரிலும் மாற்றுத்திறனாளிகளே முன்னின்று கட்டியது உண்டு. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், சமூகத்தோடு சேர்ந்து வாழத் தனி உதவியாளர் உட்பட துணை சேவைகள் வேண்டும் என்கிறது. பணம்தான் வந்து சேரவில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023-ல் மாதம் 2,000 ரூபாய் ஆனது. அதை வைத்துத் திருமங்கலத்தில் ஒரு வாரத்துக்குக்கூட ஆள் போட முடியாது.

அம்மா எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அந்த வீட்டு வாசற்படிக்குச் சிமெண்டில் ஒரு சாய்தளம் கட்டச் சொல்லுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கு, செங்குத்தாகக் கட்டிவிட்டால் பயனில்லை. பிறகு, உங்களால் முடிந்தவரை மாதாமாதம் ஓர் உதவியாளரின் சம்பளத்தை அனுப்புங்கள். பணத்தை அத்தை பெயருக்கு அனுப்பாமல், உங்கள் மாமா மகனின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். யாரை வைத்துக்கொள்வது, எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்பதெல்லாம் அவன் பாடு. அதற்கு முன் இன்றைக்கே அவனுக்கு ஒரு போன் செய்து, இதெல்லாம் வேண்டுமா என்று அவனிடமே கேட்டுவிடுங்கள்.