அழைப்பிதழில் மொனோடைப் கோர்சிவா: பெயர்களை வாசிக்க முடியவில்லை

பெயர்களை வாசிக்க முடியவில்லை என்பதற்காக மொனோடைப் கோர்சிவா எழுத்துருவை மாற்ற வேண்டாம்; மணமக்களின் ஆங்கிலப் பெயர்களில் முதலெழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக விடுங்கள். நீங்கள் முழுப் பெயரையும் பெரிய எழுத்துகளிலேயே அடித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1991இல் பட்ரிசியா சாண்டர்ஸ் வடிவமைத்த இந்த எழுத்துரு, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான அரிகியின் கையெழுத்தைத் தழுவியது. இதன் பெரிய எழுத்துகளின் வளைந்த வால்கள் சொல்லின் வாசலில் நிற்க வேண்டியவை. அப்படிப் பத்து எழுத்துகளை அடுக்கினால் ஒன்றையொன்று இடிக்கும்.

உண்மை அளவில் ஒரு தாள் அச்சிட்டு, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கண்ணாடி இல்லாமல் வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள். தமிழ் வரிகளை மட்டும் இதற்கு ஒத்துப்போகச் சாய்த்துவிடாதீர்கள், பார்க்கவே பாவமாக இருக்கும்.

இன்னொன்று: கொழும்புப் புறக்கோட்டை அச்சகத்துக்கு வேர்ட் கோப்பாகக் கொடுத்தால், அவர்களது கணினியில் இந்த எழுத்துரு இல்லாதபோது வேறொன்று சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும். எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே சேர்த்த (உட்பொதித்த) பிடிஎஃப் ஆகக் கொடுங்கள்.