அச்சுக்குக் கொடுக்கும் முன் வாசகரைச் சேருங்கள்: சொந்தப் பதிப்பு கேள்வி பதில்

கேள்வி (சிறுகதை எழுதுபவர், தென்காசி): அக்கா, 14 கதைகள், டெமி அளவில் 160 பக்கம். 1000 பிரதி போட்டால் அடக்க விலை குறையும் என்கிறார் அச்சகத்துக்காரர். போடலாமா?

வேண்டாம் தம்பி. ஆஃப்செட்டில், அதாவது பக்கங்களுக்குப் பிளேட் செய்து அச்சடிக்கும் முறையில், பிளேட் செலவு எல்லாப் பிரதிக்கும் பிரிவதால் அடக்க விலை குறைவது உண்மை. ஆனால் வீட்டில் தங்கும் பிரதிகளுக்கும் நீங்கள்தான் காசு கொடுத்திருப்பீர்கள். பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் 100 போடுங்கள். பிரதிக்குக் கொஞ்சம் கூடுதலாகும். ஆனால் வாசகர் சுட்டிக்காட்டும் பிழைகளைத் திருத்தி அடுத்த நூறு போடலாம். அந்த முதல் நூறையும் முன்பதிவு வந்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: முன்பதிவை எப்படி நடத்துவது? வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பாதிப் பேருக்குப் போகவே இல்லை.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்கலாம். அதிலும் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் முதலில் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி, எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை.

செய்தியில் அட்டைப்படம், கதையிலிருந்து ஒரே ஒரு நல்ல பத்தி, தபாலோடு சேர்த்த தொகை, கடைசித் தேதி, புத்தகம் அனுப்பும் தேதி ஆகியவை இருக்கட்டும். யுபிஐ எண்ணை அதில் போடாதீர்கள். போட்டால் பணம் முதலில் வரும். யார் அனுப்பியது, எந்த முகவரி என்று நாள் கணக்கில் தேட வேண்டியிருக்கும். பெயர், பின்கோடுடன் முகவரி, போன் எண் மூன்றும் வந்த பிறகே யுபிஐ எண்ணைக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் ஏற்றுங்கள். அடுத்த புத்தகத்துக்கு உங்கள் மூலதனம் அந்த ஷீட்தான்.

கேள்வி: கடைக்காரர் 40 சதவீதம் கழிவு கேட்கிறார். அநியாயம் இல்லையா?

இல்லை. கடை வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. விலை 200, அடக்கம் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவு போக வருவது 120, மிச்சம் 40. நேரடியாக விற்றால் 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்தாலும் 100 நிற்கும். தபாலை வாங்குபவர் தருகிறார். ஆகவே உங்கள் ஊரில் ஒன்று, சென்னையில் ஒன்று என இரண்டு கடைக்கு ஐந்தைந்து பிரதி போதும். விற்றபின் காசு என்ற ஏற்பாடு என்றால் தேதி போட்டு ரசீது வாங்குங்கள்.

கேள்வி (நாவல் எழுதுபவர், ஈரோடு): கிண்டிலில் மாதிரியைப் படிக்கிறார்கள், வாங்குவதில்லை மேடம்.

முன்பக்கங்களைப் பாருங்கள். இலவச மாதிரி ஏறக்குறைய முதல் 10 சதவீதம். இரண்டு அணிந்துரை, என்னுரை, நன்றியுரை என்று வைத்தால் மாதிரி அதிலேயே தீர்ந்துவிடும். கதையின் முதல் வரி வாசகர் கண்ணில் படாது. எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றி, ற, ர குழப்பத்தையும் விடுபட்ட ஒற்றையும் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும்.

இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்டில், அதாவது மின்னூலை 90 நாள் அமேசானில் மட்டுமே வைக்கும் திட்டத்தில், சேர வேண்டும். அந்த 90 நாளும் மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி போன்ற கதைத் தளத்தில் தொடராகப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அச்சு நூலுக்குத் தடை இல்லை. இலவசமாகத் தர 5 நாள் கிடைக்கும். இரண்டாம் புத்தகம் வரும் வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். தொடர விருப்பமில்லை என்றால் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்துங்கள்.

கேள்வி: சொந்தக்காரர்களை விமர்சனம் எழுதச் சொல்லலாமா?

அமேசானில் கூடாது, விதிமீறல், நீக்கிவிடுவார்கள். காசு கொடுத்து எழுதவைப்பதும் அப்படியே. முன்பதிவு செய்தவர்களுக்குப் புத்தகம் கிடைத்து மூன்று வாரம் கழித்து, எந்தக் கதை பிடித்தது என்று மட்டும் கேளுங்கள். நீளமாகப் பதில் எழுதுபவரிடம், அதையே அமேசானிலும் போட முடியுமா என்று கேட்கலாம்.

கேள்வி: சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்கு எடுக்கலாமா?

ஒரே ஒரு புத்தகத்துக்கு வேண்டாம். தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் 20 பிரதி வைக்கச் சொல்லிப் பேசுங்கள். ஜனவரியில் எல்லோரும் பதிப்பகங்களைத் தேடி ஓடுவார்கள். டிசம்பர் முதல் வாரத்துக்குள் பேசி, அரங்கு எண் தெரிந்ததும் உங்கள் ஷீட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.